சர்க்கரை நோயாளியைக் கொரோனா ஏன் கடுமையாகத் தாக்கியது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் செல்வதாக வைத்துக் கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டி மேலே ஏறுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலை மேலுள்ள ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கரடியூர் போன்ற சிற்றூர்கள் காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே இந்த மலையில்தான் அமைந்துள்ளன. மேலே இறங்கியதும் குளிர்ச்சியை உணர்கிறோம். அதனுடன் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது. அதை நாம் உணர்வதில்லை. ஏற்காட்டில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதாவது, நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயுவாகிய ஆக்சிஜன் ஆறில் ஒரு பங்கு குறைந்து போகிறது.

அப்படியானால் நமக்கு ஏன் மூச்சுத் திணறவில்லை? காரணம், நம் உடலில் உள்ள கையிருப்பு. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் குதிரில் தானியம் சேர்த்து வைத்த குடும்பம், ஒரு பருவம் மழை பொய்த்தாலும் பட்டினி கிடப்பதில்லை. நுரையீரல், இதயம், இரத்தம், சிறுநீரகம் ஆகிய எல்லாமே அன்றாடத் தேவைக்கு மேல் வேலை செய்யக் கூடியவை. அந்த மிகுதிதான் கையிருப்பு. கொரோனா என்ற கோவிட் நோய் கடுமையாகத் தாக்கியபோது யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் இந்தக் கையிருப்பே தீர்மானித்தது. சர்க்கரை நோய் எனப்படும் நீரிழிவோ, இந்தக் கையிருப்பை ஓசையில்லாமல் கரைக்கும் நோயாகும்.

சமதளமும் சரிவும்

முதலில் ஆக்சிஜனின் கணக்கைப் பார்ப்போம். இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் சென்று இறக்குவது அதன் வேலை. நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மி.மீ. பாதரச அளவு இருந்தால், ஹீமோகுளோபின் நூற்றுக்கு 97 அல்லது 98 பங்கு நிரம்பிவிடும். அழுத்தம் 60 மி.மீ. ஆகக் குறைந்தாலும் 90 பங்கு நிரம்பியிருக்கும். 40 மி.மீ. குறைந்ததற்கு நட்டம் ஏழெட்டுப் பங்குதான். ஆனால் 60-லிருந்து 40-க்கு, அதாவது இன்னும் 20 மி.மீ. மட்டும் இறங்கினால், நிரம்பும் பங்கு 75 ஆக வீழ்ந்துவிடுகிறது. பாதி இறக்கத்திற்கு இருமடங்கு நட்டம்!

கரடியூர்க் காட்சிமுனையில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலை மேல் வெகுதூரம் நடந்தாலும் தரை ஏறக்குறைய மட்டமாகவே இருக்கிறது. விளிம்பை அடைந்ததும் அடுத்த சில அடிகளில் தரை செங்குத்தாக இறங்குகிறது. உடல்நலம் உள்ளவர் சமதளத்தின் நடுவில் நிற்பவர். மலைக்காற்று அவரைச் சிறிது தூரம் நகர்த்தினாலும் ஒன்றும் ஆவதில்லை. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் என்னும் கருவி ஓரிரு புள்ளிகள் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். நுரையீரலில் அழற்சி கண்டவரோ விளிம்பில் நிற்பவர். அவரைச் சிறிது தள்ளினாலும் போதும், சரிவில் விழுவார்.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

இந்தியாவில் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30-ஆம் நாள் கேரளத்தில் கண்டறியப்பட்டார். தமிழ்நாட்டில் முதல் நோயாளி அதே ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் கண்டறியப்பட்டார். தமிழ்நாட்டின் முதல் கொரோனா இறப்பு மார்ச் 25-ஆம் நாள் அதிகாலையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. இறந்தவருக்கு வயது 54. அவருக்கு நாட்பட்ட நுரையீரல் நோயும், கட்டுக்குள் வராத நீரிழிவும், இரத்த அழுத்தமும் இருந்தன என்று மாநிலச் சுகாதாரத்துறை அமைச்சர் அன்றே அறிவித்தார். அந்த அறிவிப்பில் இருந்த ‘கட்டுக்குள் வராத நீரிழிவு’ என்ற சொற்கள் பின்னர் பலமுறை கேட்க வேண்டியிருந்தவை. கொரோனாவால் தமிழ்நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது.

இரமணன் லட்சுமிநாராயணும் அவருடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தொற்றுப் பதிவேடுகளை ஆராய்ந்தனர். 84,965 நோயாளிகளையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் பற்றிய விவரங்கள் அதில் இடம்பெற்றன. உலகின் பெரிய தொற்று ஆய்வுகளுள் ஒன்றான இது, 2020-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. இறந்தவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு நீரிழிவும், 36 பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருந்தன என்பது அதன் முடிவுகளுள் ஒன்று.

இந்த 45 என்ற எண்ணை எதனோடு ஒப்பிடுவது? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. அதன்படி தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு உண்டு. நாட்டின் சராசரி 11.4. இந்தியா முழுவதும் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள்.

பொதுமக்களில் நூற்றுக்கு 14. இறந்தவர்களில் நூற்றுக்கு 45. ஆகவே நீரிழிவு ஆபத்தை மும்மடங்காக்குகிறது என்று சொல்லிவிடலாமா? மாணவர்களே, இங்கேதான் அவசரப்படக் கூடாது. கொரோனாவால் இறந்தவர்களில் முதியவர்கள் மிகுதி. நீரிழிவும் முதியவர்களிடம் மிகுதி. முதுமை இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. எனவே வயதின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் நீரிழிவின் பங்கைக் கணக்கிட வேண்டும்.

இங்கிலாந்தில் அப்படிப்பட்ட கணக்கு ஒன்று போடப்பட்டது. 2020 மார்ச் முதல் மே வரை மருத்துவமனைகளில் நிகழ்ந்த 23,698 கொரோனா இறப்புகளை, ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறந்தவர்களில் மூன்றில் ஒருவர் நீரிழிவு உடையவர். வயது, பாலினம், வறுமை போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் இடைவெளி வெகுவாகச் சுருங்கியது, ஆனால் மறைந்துவிடவில்லை. பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவு, இறக்கும் வாய்ப்பை ஏறத்தாழ இருமடங்காக்கியது. பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும் முதல் வகை, அதை மூன்றரை மடங்காக்கியது.

இரு மடங்கு என்றால் நீரிழிவு உள்ளோர் எல்லாரும் இறந்தார்கள் என்று பொருளல்ல. தொற்று கண்ட நீரிழிவு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். ஆயினும் பல கோடிப் பேரைத் தொடும் நோயில் வாய்ப்பு இருமடங்கானால், அதனால் இழக்கும் உயிர்கள் பல்லாயிரம்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

இனி, நீரிழிவு என்பது என்ன என்று பார்ப்போம். பெரியவர் ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. வெறும் வயிற்றில், ஒவ்வொரு 100 மில்லி லிட்டர் இரத்தத்திலும் 100 மில்லி கிராமுக்குக் குறைவாகவே குளுகோஸ் என்னும் சர்க்கரை இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 லிட்டர் இரத்தம் முழுவதற்கும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி! இந்தச் சிறு அளவைக் கூடாமலும் குறையாமலும் காப்பது கணையம் சுரக்கும் இன்சுலினின் வேலை. இரத்தத்திலுள்ள சர்க்கரை செல்களுக்குள் செல்ல இன்சுலின் கதவைத் திறந்து விடுகிறது.

முதல் வகை நீரிழிவில் கணையத்தால் இன்சுலினைச் சுரக்க முடிவதில்லை. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் அதன் சொல்லைச் செல்கள் சரியாகக் கேட்பதில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்தால், அதை மறுமுறையும் சோதித்து நீரிழிவு என முடிவு செய்வர். 300 என்றால், இரத்தத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை ஓடுகிறது என்று பொருள். ஓரிரு தேக்கரண்டி கூடுதலாக இருப்பதால் என்ன வந்துவிடும் என்று நினைக்கலாம். வந்துவிடுவது வலியோ காய்ச்சலோ அல்ல. அதனால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள்.

வைரஸ் நுழையும் வழி

கொரோனா வைரஸ் மூக்கு, தொண்டை வழியாக நுழைகிறது. நம் செல்களின் மேற்புறத்தில் ஏ.சி.இ.2 என்ற புரதம் இருக்கிறது. வைரஸின் மேலுள்ள கூர்முள் புரதம் அதைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் புகுகிறது. பலருக்கு நோய் தொண்டையோடு நின்றுவிடும். சிலருக்கு நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை இறங்கும். இந்த நுண்ணறைகள் 30 கோடிக்கும் மேற்பட்டவை. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. அழற்சியால் நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொண்டால், அந்தப் பகுதி மூச்சுக்குப் பயன்படாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோய் கடுமையாவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான். அப்போது நுரையீரலைக் கெடுப்பது வைரஸ் மட்டும் அல்ல; வைரஸை எதிர்க்கப் புறப்பட்ட நமது தற்காப்புப் படையே அளவு மீறிப் போரிட்டு நுரையீரலைப் புண்ணாக்குகிறது.

கையிருப்பு கரையும் நான்கு வழிகள்

நீரிழிவு இந்தப் போரை எப்படிக் கெடுக்கிறது? நான்கு வழிகளைக் கூறலாம்.

முதலாவது, படையின் ஒழுங்கு குலைகிறது. கிருமிகளைத் தேடிச் சென்று விழுங்குவன வெள்ளணுக்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், இவற்றின் நகரும் திறனும் விழுங்கும் திறனும் குறைகின்றன. எதிரியைத் தொடக்கத்திலேயே மடக்க முடியாமல் போகிறது. பின்னர் வெள்ளணுக்களில் ஒரு வகையான மோனோசைட்டுகள், மிகுதியான சர்க்கரையையே எரிபொருளாகக் கொண்டு அழற்சிப் பொருள்களை அளவின்றிச் சுரக்கின்றன. இதனைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2020-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தனர். ஆக, தொடக்கத்தில் மந்தம், முடிவில் மிகை.

இரண்டாவது, இரத்தக் குழாய்களின் உட்சுவர். வழவழப்பான இந்த உட்சுவர்தான் இரத்தம் குழாய்க்குள் உறைந்துவிடாமல் காக்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்திருந்தால் இந்தச் சுவர் பழுதடைகிறது. கொரோனாவும் இதே உட்சுவரைத் தாக்குகிறது. முன்னரே விரிசல் கண்ட சுவரில் மீண்டும் அடி விழுகிறது. நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் இரத்தக் கட்டிகள் அடைத்துக்கொண்டால், காற்று வந்தாலும் அதை வாங்கிச் செல்ல இரத்தம் வருவதில்லை.

மூன்றாவது, துணை நிற்கும் உறுப்புகள். நுரையீரல் தளரும்போது இதயம் வேகமாக உழைத்து ஈடு செய்கிறது. சிறுநீரகம் இரத்தத்தின் அமிலத் தன்மையைச் சரி செய்கிறது. நீண்ட நாள் நீரிழிவால் இதயத்தின் குழாய்கள் குறுகியும், சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதுபட்டும் இருக்கலாம். உடல் பருமனும் சேர்ந்திருந்தால், நுரையீரல் முழுமையாக விரிவதே கடினமாகும். ஒருவர் விழும்போது தாங்கிப் பிடிக்க வேண்டிய கைகள் எல்லாம் ஏற்கெனவே சோர்ந்திருக்கின்றன.

நான்காவது, நோயே சர்க்கரையை ஏற்றுகிறது. கடும் காய்ச்சலின்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. இவை கல்லீரலில் இருந்து சர்க்கரையை வெளியேற்றுகின்றன. இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. எனவே நோயாளி சரியாகச் சாப்பிடாத போதும் சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை அழற்சியை வளர்க்கிறது. வளர்ந்த அழற்சி சர்க்கரையை மேலும் ஏற்றுகிறது. செக்கு மாடு சுற்றுவது போன்ற இந்தச் சுழலை யாராவது இடையில் புகுந்து நிறுத்தினால்தான் உண்டு. ‘சாப்பிடவே இல்லை, மாத்திரை எதற்கு?’ என்று காய்ச்சல் நாள்களில் நாமே மருந்தை நிறுத்துவது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உயிர் காத்த மருந்தும் அதன் மறுபக்கமும்

கடும் கொரோனாவில் அளவு மீறிய அழற்சியை அடக்க ஒரு பழைய, மலிவான மருந்து உதவியது. அதன் பெயர் டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ என்னும் ஆய்வின் முடிவு 2020 ஜூன் 16-ஆம் நாள் வெளியாயிற்று. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளில், இம்மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 41 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 29 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் ஓரளவு நன்மை கிடைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ எந்த நன்மையும் இல்லை.

ஆனால் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் மருந்தும் ஆகும். நீரிழிவு உடையவருக்கு அதைக் கொடுக்கும்போது, நாளில் பலமுறை சர்க்கரையைச் சோதித்து இன்சுலினும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2021-இல் வந்த இரண்டாம் அலையில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. ஸ்டீராய்டைத் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும், சர்க்கரையைச் சோதிக்க வழியில்லாதவர்களும் இருந்தார்கள். அப்போதுதான் ‘கரும்பூஞ்சை’ என்ற சொல் நாளேடுகளில் இடம்பெற்றது. இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பவை. நலமுள்ளவரை ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை கட்டுமீறி, தற்காப்பும் தளர்ந்த உடலில் அவை மூக்கு, கண், மூளை என்று பரவுகின்றன. அவதிப்பட்டவர்களில் பெரும்பாலோர் நீரிழிவு உடையவர்களே. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு இதனை, மருத்துவர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

சர்க்கரையைக் கட்டினால் உயிர் பிழைக்குமா?

இது மிகவும் பயனுள்ள கேள்வி. சீனாவின் ஹூபே மாகாணத்தில் 7,337 கொரோனா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 952 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. நீரிழிவு இல்லாதவர்களில் நூற்றுக்கு 2.7 பேரும், உள்ளவர்களில் 7.8 பேரும் இறந்தார்கள். அடுத்து, நீரிழிவு உள்ளவர்களையே இரண்டாகப் பிரித்தார்கள். மருத்துவமனையில் சர்க்கரை 70-லிருந்து 180-க்குள் நின்றவர்களில் நூற்றுக்கு 1.1 பேரே இறந்தார்கள். 180-ஐத் தாண்டியவர்களில் 11 பேர் இறந்தார்கள்.

பத்து மடங்கு வேறுபாடு! ஆயினும் இங்கும் நிதானம் தேவை. நோய் கடுமையாக இருந்ததால் சர்க்கரை ஏறியதா, சர்க்கரை ஏறியதால் நோய் கடுமையாயிற்றா? நாம் மேலே கண்ட சுழலில் இரண்டும் உண்டு. எனவே இந்த வேறுபாடு முழுவதும் சர்க்கரைக் கட்டுப்பாட்டினால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. பிரான்சில் 1,317 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் இதை நினைவூட்டுகிறது. முந்தைய மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, அங்கே நோயின் கடுமையோடு நெருங்கிய தொடர்பு காட்டவில்லை. உடல் பருமன் தொடர்பு காட்டியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் நிற்கின்றன. நீண்ட நாள் நீரிழிவு குழாய்களுக்கும் உறுப்புகளுக்கும் செய்த சேதத்தை நோய் வந்த பிறகு மாற்ற முடியாது. நோய் வந்த நாள்களில் ஏறும் சர்க்கரையை இறக்க முடியும், இறக்கத்தான் வேண்டும்.

மலையில் இருப்பவருக்கு நேரமே மருந்து

மீண்டும் சேர்வராயன் மலைக்கு வருவோம். கொரோனாவில் ஒரு விந்தை காணப்பட்டது. ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த பின்னும் சிலர் மூச்சுத் திணறல் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்மை அறியாமலேயே விளிம்புக்கு வந்துவிட்டவர்கள் அவர்கள். அதனால்தான் ஆக்சிமீட்டரில் 93-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றும், 90-க்குக் கீழ் என்றால் கடும் நோய் என்றும் வரையறுத்தார்கள்.

மலை மேல் வாழ்வோர் காற்றின் மெலிவால் ஒரு சிறு தூரம் ஏற்கெனவே விளிம்பை நோக்கி நகர்ந்தவர்கள். அவர்கள் உடல் அதற்குப் பழகியிருப்பதால் அன்றாட வாழ்வில் தொல்லை இல்லை. ஆனால் நுரையீரல் அழற்சி வரும்போது அந்தச் சிறு தூரமும் கணக்கில் சேரும். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. தீவிர சிகிச்சைக்கோ மலையிலிருந்து இறங்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். இரண்டாம் அலையின்போது சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகளுடன் ஒரு சிகிச்சை மையமும் அமைந்தது. உற்பத்தியாகும் இடத்தின் அருகிலேயே ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. ஆனால் கீழே எத்தனை படுக்கைகள் இருந்தாலும், இருபது வளைவுகளைக் கடந்து அங்கே சேர்ந்தால்தான் பயன். நலமுள்ள ஒருவருக்குக் கையிருப்பு சில நாள் அவகாசம் தருகிறது. நீரிழிவு உடையவருக்கு அந்த அவகாசம் சுருங்கிவிடுகிறது. ஆகவே அவர் பிறரைவிட முன்னதாகப் புறப்பட வேண்டியவர். அதற்கு, தமக்கு நீரிழிவு இருப்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கருத்தைக் கொண்டே தடுப்பூசியிலும் வரிசை வகுக்கப்பட்டது. 2021 மார்ச் 1 முதல், 60 வயதைக் கடந்தவர்களோடு, 45 முதல் 59 வயது வரையிலான இணைநோய் உடையவர்களுக்கும் இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையவர்களின் வீடு தேடிச் சென்று சோதிப்பதும், மாத்திரை தருவதும் அதன் நோக்கம். தோட்ட வேலையை விட்டு ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வர முடியாத மலைவாழ் மக்களுக்கு, இத்தகைய ஏற்பாட்டின் மதிப்பு பெரிது.

நீங்கள் செய்யக்கூடியது

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. வைரஸ் அழிந்துவிடவில்லை, அதன் கடுமை மக்களிடம் வளர்ந்த எதிர்ப்பாற்றலால் குறைந்திருக்கிறது. ஆனால் நாம் கற்ற பாடம் கொரோனாவுக்கு மட்டும் உரியதன்று. நீரிழிவு உடையவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு மிகுதி. ஃப்ளூ காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் அவர்களிடம் கடுமையாவதற்குக் காரணம் இதே கையிருப்புக் குறைவுதான்.

உங்கள் வீட்டில் 30 வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் கடந்த ஓராண்டில் சர்க்கரை சோதித்துக்கொண்டார்கள்? அப்பாவிடமும் அம்மாவிடமும் தாத்தா பாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள். ‘எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பதுதான் பெரும்பாலும் விடையாக வரும். ஒரு தேக்கரண்டி இரண்டு தேக்கரண்டியானது யாருக்கும் தெரியாது என்பதை அப்போது எடுத்துச் சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை கட்டணம் இல்லாமல் செய்யப்படுகிறது. ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார், கடைசியாகச் சோதித்தபோது அளவு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக நேரிட்டால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அந்தத் தாள் விடை சொல்லும்.

வைரஸ் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும்போது உடலில் எவ்வளவு கையிருப்பு இருக்கும் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. அதை அறிய ஒரு சொட்டு இரத்தமும் இரண்டு நிமிடமும் போதும்.